அச்சேறிய சர்க்கார் ஏடுகளும் புதுக்கோட்டை நூல் நிலையங்களும்

1948-ஆம் வருஷம் மார்ச் மாதம் 3-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. தனி அரசாக இருந்த நாடு திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. கஜானா கைமாறிற்று. கச்சேரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் புதிய பெயர்ப் பலகைகள் ஏறின. சமஸ்தானத்துச் சிப்பந்திகள் சென்னை சர்க்காரின் சிப்பந்திகளானார்கள். எந்தச் சொத்து யாருக்கு என்ற கேள்வி எழுந்த அந்த நாட்களில், ஒரு சொத்து மட்டும் யாருடைய கண்ணிலும் பெரிதாகப் பட்டிருக்க நியாயமில்லை. சமஸ்தானம் தன் பிரஜைகளைப் பற்றியும், அவர்களுடைய நிலம், நீர், கோயில், வரி, கல்வி ஆகியவற்றைப் பற்றியும் பல தலைமுறைகளாக அச்சிட்டு வெளியிட்ட புத்தகங்களும் அறிக்கைகளும் கெஜட்டுகளுமே அந்தச் சொத்து.

அந்த ஏடுகள் இன்று எங்கே இருக்கின்றன? எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன? எந்தப் பிரதியில் எந்தப் பக்கம் இல்லை? புதுக்கோட்டையில் உள்ள ஒரு நூல் நிலையத்திற்குச் சென்று கேட்டால், அது தன்னிடம் உள்ளதைச் சொல்லும். அடுத்த தெருவில் உள்ள நிலையத்தில் என்ன இருக்கிறதென்று அதனைக் கேட்பது நியாயமன்று என்றே நாமெல்லோரும் நினைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் மாறவேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

ஒரு கண்மாயின் கதை

சில வருஷங்களுக்கு முன், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சார்பில் நாம் ஒரு வழக்கில் ஆஜராக நேர்ந்தது. ஊர்க் கண்மாயின் நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதியைத் தம்முடைய பட்டா நிலமென்று ஒருவர் வேலியடைத்துவிட்டார். “எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அது கண்மாய்தான், ஐயா, அந்த இடத்தில் மீன் பிடித்திருக்கிறோம்” என்று ஊர்ப் பெரியவர்கள் கண் கலங்கிக் கூறினார்கள். கண்ணீரை நியாயஸ்தலம் மதிக்கும். ஆனால் குறியிட்டுக் கொள்வது தஸ்தாவேஜைத்தான். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் அச்சிட்ட ஸெட்டில்மெண்டு ரிஜிஸ்தரில் அந்தச் சர்வே நம்பர் எப்படிக் குறிக்கப்பட்டிருந்தது என்பதே வழக்கின் உயிர்நிலை.

அந்த ரிஜிஸ்தரைத் தேடி ஒரு காரியாலயத்திற்குப் போனோம். கறையான் அரித்ததால் பழைய கட்டுகளைக் கழித்துவிட்டதாகப் பதில் கிடைத்தது. பல நாள் அலைந்த பிறகு, முன்னாள் கணக்குப்பிள்ளை ஒருவருடைய வீட்டுப் பரணில் ஒரு பிரதி அகப்பட்டது. முகப்பும் முன்னுரையும் நன்றாக இருந்தன. ஆனால் நமக்கு வேண்டிய பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. பின்னர் சென்னையில் வேறொரு பிரதி இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. அதற்கு முகப்பும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை; நமக்கு வேண்டிய பக்கம் மட்டும் பழுதின்றி இருந்தது. ஒன்று அந்த நூல் இன்னதென்று சாட்சி சொல்லிற்று. மற்றொன்று அதில் எழுதியிருப்பது இன்னதென்று சாட்சி சொல்லிற்று. இரண்டு குறைப் பிரதிகள் சேர்ந்து ஒரு முழுப் பிரதியாயின. கண்மாய் பிழைத்தது.

இதை நமது சாமர்த்தியத்தைப் பறைசாற்றிக் கொள்வதற்காகக் கூறவில்லை. அந்தச் சென்னைப் பிரதியைப் பற்றி ஒரு நண்பர் பேச்சுவாக்கில் சொல்லாதிருந்தால் வழக்குத் தோற்றிருக்கும். ஒரு கிராமத்தின் தண்ணீர், ஒரு நண்பரின் ஞாபக சக்தியை நம்பித் தொங்கலாமா?

சிதறியதன் காரணம்

புதுக்கோட்டையின் ஏடுகள் சிதறிக் கிடப்பது யாருடைய தனிப்பட்ட குற்றத்தாலும் அன்று. அது இந்த ஜில்லாவின் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது. இன்றைய புதுக்கோட்டை ஜில்லா 1974-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி பிறந்தது. பழைய சமஸ்தானத்தின் பகுதிகளுடன், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பிரிந்த அறந்தாங்கி முதலிய பகுதிகளும் அதில் சேர்ந்தன. ஆகவே ஒரு தாலூகாவின் பழைய ஏட்டைத் தேடுகிறவர் தர்பாரின் வெளியீடுகளைப் பார்க்கவேண்டும். பக்கத்துத் தாலூகாவின் ஏட்டைத் தேடுகிறவர் சென்னை ராஜதானியின் வெளியீடுகளைப் பார்க்கவேண்டும். 1948-க்கும் 1974-க்கும் இடைப்பட்ட காலத்துக்குத் திருச்சியையும் தஞ்சையையும் நாடவேண்டும்.

சமஸ்தானம் பிரிட்டிஷாரின் மேற்பார்வையில் இருந்த காலத்தில் தஞ்சை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களிலிருந்த அதிகாரிகள் வெவ்வேறு சமயங்களில் அதன் அரசியல் ஏஜெண்டுகளாக இருந்தார்கள். பிற்காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்த ஏஜெண்டிடம் அந்தப் பொறுப்பு சென்றது. அவர்களுக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகளும் அவர்களோடு அங்கங்கே தங்கின. இவற்றிற்கு மேலாக, லண்டன் மாநகரில் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் சேகரமும் இருக்கிறது.

சட்டத்தின் ஒரு விசித்திரத்தையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். நூல்களை அச்சிடுவோர் அவற்றின் பிரதிகளை சர்க்காரிடம் ஒப்படைக்கவேண்டுமென்று விதித்த 1867-ஆம் வருஷத்து அச்சுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரியது. சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவில் அடங்கியதல்ல. புதுக்கோட்டை ஸ்ரீ பிரகதாம்பா ஸ்டேட் அச்சுக்கூடத்தில் அச்சான நூலைச் சென்னையில் ஒப்படைக்கும் கட்டாயம் அந்தச் சட்டத்தால் எழவில்லை. மரியாதை நிமித்தம் அனுப்பிய பிரதிகள் போய்ச் சேர்ந்திருக்கலாம். சட்டப்படி சேர்ந்தாக வேண்டுமென்ற நிலை இல்லை. சென்னை ராஜதானியில் அச்சான ஒரு நாடகப் புத்தகத்துக்குச் சட்டம் அளித்த பாதுகாப்பு, சமஸ்தானத்தின் நிர்வாக அறிக்கைக்குக் கிடைக்கவில்லை!

அந்த ஏடுகளின் பெருமை

இவ்வளவு கவலைப்படும்படி அவற்றில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 1916-ல் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தானத்தின் பொதுச் சரித்திரம் வெளியாயிற்று. 1929-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுக்களைத் திரட்டி, வம்சவாரியாக வகுத்து, சமஸ்தானம் மூலபாடத்தோடு அச்சிட்டது. 1938 முதல் 1944 வரை கே. ஆர். வெங்கட்டராம ஐயரின் சமஸ்தான மானுவல் தொகுதி தொகுதியாக வந்தது. ஊர், கோயில், குளம், பயிர், தொழில், சாலை என்று ஒன்று விடாமல் தொகுத்த அந்த நூலைத் தொடாமல் இந்த ஜில்லாவைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுத எவராலும் இயலாது.

குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் உள்ள கல்லெழுத்து மழையிலும் வெயிலிலும் நாளுக்கு நாள் தேய்கிறது. அச்செழுத்து அதற்குச் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியும் மறைந்தால் கல்லுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

இவை பெரிய நூல்கள். இவற்றைத் தேடுவோரும் போற்றுவோரும் உண்டு. சிலவற்றுக்கு மறுபதிப்பும் வந்திருக்கிறது. நமது கவலை இவற்றைவிட, ஒருவரும் தேடாத மெல்லிய ஏடுகளைப் பற்றியது. பசலி வருஷந்தோறும் வந்த நிர்வாக அறிக்கை, வரவுசெலவுத் திட்டம், கமிட்டி ஒன்றின் நாற்பது பக்கத்து யாதாஸ்து, ஜில்லா கெஜட், தேர்தல் வாக்காளர் பட்டியல் ஆகியவை எந்தப் புத்தகக் கடையிலும் விற்கவில்லை. எந்தப் பத்திரிகையிலும் மதிப்புரை பெறவில்லை. அச்சிட்ட பிரதிகளும் சொற்பம். நூல் நிலையத்துக்கு வந்தாலும் அவற்றைப் பட்டியலில் ஏற்றுவது தொல்லை. ஆசிரியர் பெயர் இல்லை. வெளியிட்ட இலாகாவின் பெயரோ பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது. ஆகவே மூலையில் கட்டிவைக்கிறார்கள். மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம் தன் வேலையைச் செய்கிறது. ராமபாணப் பூச்சியும் கறையானும் அதற்குத் துணை நிற்கின்றன.

இந்தத் தாள்களிலிருந்து எவ்வளவு அறிவு பிறக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில், 1888-ஐ ஒட்டி, சமஸ்தானத்தில் இனாம் ஸெட்டில்மெண்டு நடைபெற்றது. அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1987-ல் ஒரு பெரு நூல் வெளியிட்டார். இந்தியச் சமூக அமைப்பைப் பற்றி உலகமெங்கும் நடந்த விவாதத்தில் புதுக்கோட்டையின் பெயர் அதனால் ஏறியது. நம்முடைய இனாம்தார்களின் கணக்கைக் கொண்டு உலகம் சிந்திக்கிறது. அந்தக் கணக்கை நம்முடைய மாணவர் எவ்வளவு பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டு புதல்வர்களின் குரல்

திருமயத்தில் 1887-ல் பிறந்தவர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலக்ஷ்மி ரெட்டி. பெண்கள் கல்லூரியில் அடியெடுத்து வைப்பதே அபசாரமென்று கருதிய காலத்தில், எதிர்ப்பையும் மீறி மன்னரின் அனுமதியுடன் மகாராஜா கல்லூரியில் படித்து, பின்னர் டாக்டராகி நாட்டுக்கே பெருமை தேடித் தந்தவர் அந்த அம்மையார். இவ்விருவரும் 1920-களில் சென்னைச் சட்டசபையில் ஒரே காலத்தில் அங்கத்தினராக அமர்ந்திருந்தார்கள். தேவதாசி முறையை ஒழிக்கவேண்டுமென்று அம்மையார் 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான சட்டம் 1947-லேதான் நிறைவேறிற்று. சத்தியமூர்த்தியோ 1934 தேர்தலுக்குப் பின் மத்திய சட்டசபைக்குச் சென்று, அன்னிய ஆட்சியைக் கேள்விக் கணைகளால் துளைத்தார்; 1943-ல் காலமானார்.

மேடையில் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. சட்டசபையில் பேசிய பேச்சு மட்டும் நிலைத்து நிற்கிறது. சர்க்கார் அச்சிட்ட சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளே அதற்குக் காரணம். அன்னிய சர்க்கார் தன்னை எதிர்த்தவரின் வார்த்தையைத் தன் செலவிலேயே அச்சிட்டு வைத்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. அந்தத் தொகுதிகள் சென்னையிலும் டில்லியிலும் இருக்கின்றன. திருமயத்துப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, தன் ஊரில் பிறந்த தலைவர் என்ன பேசினார் என்பதை அசல் அச்சில் படிக்க விரும்பினால், இருநூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டுமா? சிலைக்கு மாலை அணிவிப்பது நல்லதே. அவருடைய பேச்சை அவருடைய ஊரில் படிக்க வழி செய்வது அதனினும் நல்லது.

பிற நாடுகள் காட்டும் வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ், தன் நடவடிக்கை ஏடுகளைத் தலைநகருக்கு வெளியே உள்ள கல்லூரிகளுக்கும் சரித்திர சங்கங்களுக்கும் அனுப்பவேண்டுமென்று 1813-லேயே தீர்மானித்தது. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது காங்கிரஸின் நூல் நிலையமும் எரிந்தது. ஏடுகளைப் பல ஊர்களில் வைப்பதன் அருமை அந்த நாட்டாருக்கு நெருப்பின் மூலமே விளங்கியது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல் நிலையங்கள் சர்க்கார் வெளியீடுகளை இலவசமாகப் பெற்று, எவர் கேட்டாலும் காட்டவேண்டிய கடமையை ஏற்றிருக்கின்றன.

1962-ஆம் வருஷத்துச் சட்டம் அவற்றிற்குள் ஓர் ஒழுங்கை உண்டாக்கியது. பிராந்தியத்துக்கென்று நியமிக்கப்பட்ட பெரிய நிலையம் எல்லா ஏடுகளையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவேண்டும். மற்ற நிலையங்களுக்கு இரவல் கொடுக்கவேண்டும். சிறிய நிலையம் இடமில்லாமல் ஒன்றைக் கழிக்க விரும்பினால், பெரிய நிலையத்தைக் கேட்காமல் கழிக்கக் கூடாது. அந்த ஏட்டை வேறு நிலையம் விரும்புகிறதா என்று முதலில் விசாரிக்கவேண்டும். இந்த விதியில் செலவு ஏதும் இல்லை. கழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பது என்ற ஒழுக்கம் மட்டுமே இருக்கிறது.

கூட்டுறவின் பலனை நம்மவரும் கண்டிருக்கிறோம். புதுக்கோட்டைக்கு அடுத்த செட்டிநாட்டில், கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியார் தம் ஆயுள் முழுதும் திரட்டிய நூல்கள் 1992-ல் அவர் காலமான பிறகு சிதறிப் போகக்கூடிய நிலையில் இருந்தன. சிக்காகோ சர்வகலாசாலை அவற்றை வாங்கிற்று. ஆனால் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே 1994-ல் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. ஏடுகள் இங்கேயே தங்க, அவற்றின் நுண்படங்கள் அங்கேயும் பயன்பட்டன. வாங்கியவர் கையிலும் படம் உண்டு. பிறந்த மண்ணில் மூலமும் உண்டு. இரண்டு இடத்திலும் இருப்பதால் இரண்டு இடத்தாருக்கும் நஷ்டம் இல்லை.

கூட்டுறவு இல்லாததன் கொடுமையையும் தமிழர் அறிவார்கள். 1981-ஆம் வருஷம் மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. கட்டிடத்தைத் திரும்பக் கட்டினார்கள். வேறெங்கும் பிரதி இருந்த நூல்களைத் திரும்ப வாங்கினார்கள். ஒரே பிரதியாக இருந்த ஏடுகளை எந்தப் பணத்தைக் கொடுத்து வாங்குவது? கொளுத்தியவர்களின் பாவம் அவர்களைச் சாரும். ஒரே கூரையின் கீழ் ஒரே பிரதியை வைத்திருப்பவர் அனைவரும் அந்த இரவிலிருந்து பாடம் கற்கவேண்டும்.

நம் கையில் உள்ள சாதனங்கள்

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உட்பட ஏனைய மூன்று பொது நூலகங்களுக்கும் செல்லவேண்டும். சர்க்கார் வெளியிடும் நூல்களும் இதற்கு உட்பட்டவையே என்று அதன் 8-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆனால் உத்தியோக உபயோகத்துக்கு மட்டுமான நூல்களுக்கு அதே பிரிவு விலக்கு அளித்துவிடுகிறது. எது உத்தியோக உபயோகத்துக்கு மட்டுமானது என்று முடிவு செய்கிறவர் அந்த உத்தியோகஸ்தரே! கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் பதுங்கிச் செல்ல ஒரு சந்தையும் விட்டது போலாயிற்று. தவிரவும், இந்தச் சட்டம் பழைய ஏடுகளைத் தொடாது. சென்னைக்குத் தெற்கே எந்த ஊருக்கும் பிரதி அளிக்காது.

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார ஸ்தாபனமும் தன் ஏடுகளைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்கவேண்டுமென்று விதிக்கிறது. பிரஜைகள் கேட்டபின் தேடிக் கொடுப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று அது. கேட்பதற்கு முன்பே ஒழுங்கு செய்து வைக்கும்படி இடும் கட்டளையாகும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். அந்தப் பெருமை 1948-ஐச் சாரும். அதன்படி வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். ஆகவே நாம் யாசகம் கேட்கவில்லை. வரி செலுத்துகிறவரின் உரிமையைக் கேட்கிறோம்.

புதுக்கோட்டை நகரின் செல்வத்தையும் நினைத்துப் பார்ப்போம். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அரசாங்கக் காட்சிசாலை இருக்கிறது. அதே திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய துணைவியார் டோரதி அம்மையாரும் தங்கள் சொந்த உழைப்பில் உருவாக்கிய ஞானாலயா நூலகம் இருக்கிறது. லக்ஷத்துக்கு மேற்பட்ட நூல்களும், முதற் பதிப்புகளும், பழைய பத்திரிகைகளும் கொண்ட அத்தகைய தனியார் சேகரம் தமிழ் நாட்டில் அபூர்வம். ஜில்லா மைய நூலகமும், மன்னர் கல்லூரி நூலகமும், கலெக்டர் காரியாலயத்தின் ஆவண அறையும், வக்கீல் சங்கத்தின் புத்தக அலமாரிகளும் இவற்றோடு சேரும். எல்லாம் ஒரு மணி நேரச் சைக்கிள் சவாரிக்குள் அடங்கும் தூரமே.

நமது யோசனைகள்

முதலாவதாக, இந்த நிலையங்கள் அனைத்தும் தம்மிடமுள்ள சர்க்கார் வெளியீடுகளுக்கு ஒரு கூட்டுப் பட்டியல் தயாரிக்கவேண்டும். நூலின் பெயர், இலாகா, வருஷம், இருக்குமிடம், குறைந்த பக்கங்கள் என்ற ஐந்து குறிப்புகள் போதும். கல்லூரி மாணவர் இருபது பேர் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக் கூடிய காரியம் இது.

இரண்டாவதாக, பொறுப்பைப் பங்கிட்டுக் கொள்ளவேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் காக்க முயன்றால் ஒருவரும் ஒன்றையும் காக்கமாட்டார்கள். கல்வெட்டும் தொல்பொருளும் காட்சிசாலைக்கும், கெஜட்டும் சட்டமும் வக்கீல் சங்கத்துக்கும், நிர்வாக அறிக்கைகள் ஜில்லா மைய நூலகத்துக்கும், கல்வி அறிக்கைகள் கல்லூரிக்கும் என்று ஏற்பாடு செய்யலாம். ஒன்றின் பொறுப்பில் உள்ளதற்குக் குறைந்தது இன்னொரு பிரதியாவது வேறொரு கூரையின் கீழ் இருக்கவேண்டும்.

மூன்றாவதாக, மற்ற நிலையங்களைக் கேளாமல் எந்த நிலையமும் எந்தக் காரியாலயமும் ஓர் அச்சேட்டையும் கழிக்கக் கூடாது. முப்பது நாள் முன்னறிவிப்புப் போதும். பழைய பேப்பர் கடைக்குப் போகும் கட்டுக்கு விலை கிலோவுக்குச் சில ரூபாய். அதில் உள்ள ஒரு பக்கம் ஒரு கண்மாயின் விலை.

நான்காவதாக, குறைப் பிரதிகளை ஒன்றுக்கொன்று ஈடு செய்து, முழுமையாக்கிப் படம் பிடிக்கவேண்டும். அந்தப் படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் அளித்து, அவர்களிடம் உள்ளவற்றின் படங்களைப் புதுக்கோட்டைக்குப் பெறவேண்டும்.

ஐந்தாவதாக, இனிமேல் ஜில்லாவில் வெளியாகும் ஒவ்வொரு சர்க்கார் ஏட்டின் பிரதிகளையும் இந்த நிலையங்களுக்கு அனுப்பும்படி கலெக்டர் உத்தரவிடவேண்டும்.

ஆக்ஷேபங்களுக்குப் பதில்

தனியார் சேகரம் வைத்திருப்போர், பட்டியலில் பெயர் கொடுத்தால் நாளை நூலும் போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. பட்டியலில் பெயர் ஏறுவதால் சொத்து கைமாறாது. இரவல் கொடுக்க மனமில்லாதவர் படம் எடுக்க மட்டும் அனுமதிக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், இங்கே இருக்கிறது என்று அறிவித்தால் போதும். இருப்பது தெரிந்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடுகிறது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, தாளை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்போர் வேறு சிலர். இணையம் பெரிய வரப்பிரசாதம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மத்திய சர்க்காரின் கெஜட்டே 2015 முதல் தாளில் அச்சிடுவதை நிறுத்தி மின் வடிவில் மட்டும் வருகிறது என்பதை வாசகர்கள் சிந்திக்கவேண்டும். தாளில் அச்சான காலத்தில் கெஜட்டை ஒருவர் மாற்ற எண்ணினால், நாடெங்கும் உள்ள பிரதிகளைத் தேடித் தேடி மாற்றவேண்டும். அது ஆகாத காரியம். ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதை மாற்றவோ எடுத்துவிடவோ ஒருவர் போதும். இப்பொழுதுள்ளவர்கள் மாற்றுவார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. எந்த சர்க்காரின் நல்லெண்ணத்தையும் நம்பி ஜனங்களின் உரிமை நிற்கக் கூடாது என்பது நாம் தேசிய இயக்கத்திலிருந்து கற்ற பாடம். மின் ஏடானாலும் பல நூல் நிலையங்கள் தனித்தனியே பிரதி எடுத்து வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே காப்பு. முறை பழையதுதான், சாதனம் மட்டும் புதியது.

பணம் எங்கே என்ற கேள்வி எப்பொழுதும் கடைசியில் வரும். மேலே கூறிய ஐந்தில் முதல் மூன்றுக்கும் பணம் அநேகமாகத் தேவையே இல்லை. ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசும் மனம் தேவை. பின்னிரண்டுக்கும் நூலக வரியில் ஒரு சிறு பகுதி போதும்.

ஓலைச் சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த வரலாற்றைப் படித்து நாம் உருகுகிறோம். அவற்றை ஆற்றிலும் அடுப்பிலும் இட்டவர்களை நொந்து கொள்கிறோம். நம் பேரப் பிள்ளைகள் நம்மை அவ்வாறு நொந்து கொள்ளும்படி நாம் நடக்கலாகாது. ஆகையால் ஜில்லா நூலக ஆணைக்குழு இந்த நிலையங்களின் பொறுப்பாளர்களை ஒரு நாள் ஒன்றாகக் கூட்டவேண்டுமென்று வேண்டிக் கொள்கிறோம். கூட்டுப் பட்டியல் தயாரானால், அதனைப் பகுதி பகுதியாக வெளியிட நமது பத்திரிகையில் இடம் ஒதுக்கச் சித்தமாக இருக்கிறோம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய சர்க்கார் அச்சேடு ஏதேனும் இருந்தால், பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அருகிலுள்ள நூல் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதில் உங்கள் ஊர்க் கண்மாய் இருக்கக் கூடும்.